அடை முட்டையும் கடை முட்டையும்

முட்டை விற்காத மளிகைக் கடை இன்று அபூர்வம். ஆனால், அடை வைக்க முட்டை கேட்டு வருகிறவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அப்போது சிதம்பரத்தில் சில்லறைக் கடை வைத்திருந்தேன். ஒரு பங்குனி மாதம் புவனகிரிப் பக்கத்து அம்மாள் ஒருவர், அடை வைக்க என்று சொல்லியே 12 நாட்டு முட்டை வாங்கிப் போனார். சரக்கு வந்து இரண்டு வாரத்திற்கு மேல் ஆகியிருந்தது. தின்ன நன்றாகத்தானே இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். மறு மாதம் வந்தார். பன்னிரண்டும் கூமுட்டை! "காசு கிடக்கட்டும் அண்ணாச்சி, என் கோழி அரை வயிற்றோடு 21 நாள் உட்கார்ந்ததே" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பதில்தான் சொல்ல முடியவில்லை.

பிறகு கேட்டறிந்ததைச் சொல்கிறேன். நாமக்கல் பண்ணைகளிலிருந்து நமக்கு வரும் முட்டை, சேவல் இல்லாமல் கூண்டில் வளரும் கோழி இட்டது. அதில் கரு இல்லை. எத்தனை நாள் வைத்தாலும் பொரிக்காது. ஓட்டின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழியும் உண்டு. சேவலோடு திரியும் கோழியின் முட்டையே அடைக்கு ஆகும். அதுவும் இட்டு 7 நாளுக்குள் இருக்க வேண்டும். கோடைச் சூட்டில் கிடந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், கூர்முனை கீழே இருக்கும்படி வைப்பது நல்லது. கழுவக் கூடாது, ஓட்டின் மேலுள்ள காப்புப் பூச்சு போய்விடும்.

இப்போது சிலர் வீட்டிலேயே இன்குபேட்டர் பெட்டி வைத்துப் பொரிக்கிறார்கள். மின்விசிறி உள்ள பெட்டியில் சூடு 37.5 டிகிரி செல்சியஸ் நிலையாக இருக்க வேண்டும். ஈரப்பதத்துக்குத் தண்ணீர்த் தட்டு வேண்டும். 18 நாள் வரை தினமும் மூன்று முறையாவது முட்டையைத் திருப்பி வைக்க வேண்டும். பிறகு தொடக் கூடாது. 7-ஆம் நாள் இருட்டில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், கரு உள்ள முட்டையில் சிவந்த நரம்புகள் தெரியும்.

பெட்டிக்கு ஒரு குறை உண்டு. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. பல நாள் மின்சாரம் இல்லை. என் உறவினர் பெட்டியில் வைத்திருந்த முட்டைகள் அத்தனையும் வீணாயின. பக்கத்து வீட்டு அடைக்கோழியோ குஞ்சுகளோடு எழுந்து வந்தது! பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு அடைக்கோழியே போதும், செலவும் இல்லை.

ஆகவே நாட்டு முட்டைக் கூடையில் கொள்முதல் தேதியை எழுதி வையுங்கள். கொண்டு வருபவரிடம் சேவல் உண்டா, இட்டு எத்தனை நாள் என்று கேளுங்கள். அடைக்கு ஆகாத முட்டை என்றால், "இது தின்னத்தான் ஆகும், அம்மா" என்று சொல்லிவிடுங்கள். அன்று ஒரு டஜன் விற்காமல் போகலாம். அந்த வாடிக்கை போகாது.