விவசாயிக்கு ஸ்மார்ட் போன் எந்த அளவுக்கு உதவும்?

கிராமத்து டீக்கடைகளில் ஸ்மார்ட் போன் பற்றி இரு விதமான பேச்சு அடிபடுகிறது. "விவசாயத்துக்கு வேண்டியதெல்லாம் இதிலேயே இருக்கிறது" என்பார் ஒருவர். "சினிமா பார்க்கத்தான் லாயக்கு" என்பார் மற்றவர். இரண்டுமே முழு உண்மை அல்ல. போனில் வரும் தகவல் எங்கே அளக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டால், எதை நம்பலாம், எதை வயலில் இறங்கிச் சரிபார்க்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

வானிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட மேக்தூத் செயலியில் 5 நாட்களுக்கான மழை, வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம் ஆகியவை கிடைக்கின்றன. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் பயிர் ஆலோசனையும் வரும். இது பரந்த பகுதிக்கான கணிப்பு. நம் வயலில் எத்தனை மில்லி மீட்டர் பெய்யும் என்று இது சொல்லாது. ஆனால், மேலுரத்தை இரண்டு நாள் தள்ளிப் போடலாமா என்று முடிவு செய்ய இதுவே போதும். யூரியா இட்ட அன்றே கனமழை கொட்டினால் இட்டது வாய்க்காலோடு போய்விடும்.

உயிரைக் காக்கும் செயலியும் ஒன்று உண்டு. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி, 20 முதல் 40 கிலோ மீட்டர் சுற்றளவுக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். எச்சரிக்கை வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் கழித்தே வயலுக்குத் திரும்பலாம்.

இலையைப் படம் பிடித்துக் காட்டினால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உளுந்துச் செடி மஞ்சளாவதை உதாரணமாகப் பார்ப்போம். மஞ்சள் தேமல் நோயில் முதலில் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளில் இலை மஞ்சளும் பச்சையும் கலந்த திட்டுகளாக மாறும். இது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பாதித்த செடிகளை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்து, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் இரும்புச் சத்துக் குறைந்தாலும் இலை மஞ்சளாகும். ஆனால் அப்போது இளம் இலைகளே முதலில் வெளுக்கும். நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கும். தழைச்சத்துக் குறைவாக இருந்தால் அடி இலைகள் முதலில் மஞ்சளாகும்.

ஒற்றை இலையின் படத்தைப் பார்க்கும் செயலிக்கு, அது அடி இலையா நுனி இலையா, வயல் முழுவதும் பரவியிருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. சத்துக் குறைவை நோய் என்று சொல்லிவிட்டால் மருந்துக் கடையில் கொடுத்த பணம் வீண்தான். எனவே இலையின் மேல்புறம், அடிப்புறம், முழுச் செடி, வயலின் தோற்றம் என நான்கு படங்கள் எடுத்து உதவி வேளாண்மை அலுவலருக்குக் காட்டுவது நல்லது. இரும்புச் சத்துக் குறைவு என்று சந்தேகம் இருந்தால், லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு வீதம் கரைத்து ஓர் ஓரத்துச் செடிகளுக்கு மட்டும் தெளித்து, ஒரு வாரம் பார்க்கலாம். பச்சை திரும்பினால் விடை கிடைத்தது.

நிலம் அளக்கும் செயலிகளை வரப்புத் தகராறுக்குக் கொண்டு போகாதீர்கள். சாதாரண போனில் உள்ள ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் வரை தவறலாம். சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர் இருக்கும். ஒரு வரப்பு 5 மீட்டர் தள்ளிக் காட்டப்பட்டால் ஏறக்குறைய 8 சென்ட் வேறுபடும். 10 சென்ட் மனையிலோ கால் பங்கே கூடிவிடும் அல்லது குறைந்துவிடும். உழவுக் கூலி பேச இந்த அளவு போதும். எல்லைக்கு சர்வேயர்தான் வர வேண்டும்.

2018-இல் தமிழக அரசு தொடங்கிய உழவன் செயலியில் உரம், விதை இருப்பு, இயந்திர வாடகை, சந்தை விலை ஆகியவற்றைப் பார்க்கலாம். சந்தை விலையைக் குவிண்டாலுக்குச் சொன்னால் மூட்டைக்குக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். குவிண்டால் 2,000 ரூபாய் என்றால் 75 கிலோ மூட்டை 1,500 ரூபாய். வியாபாரியிடம் பேசுமுன் இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

ஸ்மார்ட் வாட்ச் பற்றியும் கேட்கிறார்கள். நடந்த தூரமும் நாடித் துடிப்பும் காட்டும். பயிருக்கு அதனால் பெரிய லாபமில்லை. மருந்து தெளிக்கும்போது மட்டும் அவசியம் கழற்றிவிட வேண்டும். பட்டைக்கு அடியில் மருந்து தங்கித் தோலில் ஊறும். மருந்துக் கையோடு போனைத் தொடுவதும் ஆபத்தே. அதே போனைத்தான் வீட்டில் குழந்தை எடுத்து விளையாடுகிறது.

மானியப் பணம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வரும் செயலிகளைப் பதிவிறக்க வேண்டாம். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்ய வேண்டும். ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் பயிர்ச் சந்தேகங்களுக்குக் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம்.