வீட்டு விசேஷம் – 17: 'ங'வில் ஒரு பெயர்

ராத்திரி பத்தரை மணிக்கு மதுரையிலிருந்து அண்ணன் மகள் போன் செய்தாள். தாய்வீட்டில் இருக்கிறாள், பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாள். பச்சை உடம்புக்காரி அந்நேரத்துக்குக் கூப்பிட்டால் நெஞ்சு பதறத்தானே செய்யும்?

"அத்தே, 'ங'வுல ஒரு பேரு சொல்லுங்க" என்றாள்.

திருவாதிரை மூன்றாம் பாதமாம். ஜோசியர் எழுதிக் கொடுத்துவிட்டார், மாமியார் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

"'ங'வுல தொடங்குற மாதிரி பேரே கிடையாதேடி!"

"அப்படின்னா யாருமே வெச்சிருக்க மாட்டாங்கள்ல? எனக்கு அதுதானே வேணும்!"

இந்தத் தொடரில் காதுகுத்தைப் பற்றி எழுதியபோது, பேர் வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தேன். எங்கள் வீட்டுப் பிள்ளை தள்ள விடவில்லை.

பஞ்சாங்கத்தில் நட்சத்திரத்துக்கு நாலு எழுத்து வீதம் ஓர் அட்டவணை இருக்கும். அவகடச் சக்கரம் என்பார்கள். அ, வ, க, ஹ, ட என்று தொடங்குவதால் அந்தப் பெயர். எப்படிக் கட்டினார்கள் என்று ஒருநாள் பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கட்டத்துக்கு ஐந்து எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயிரோசை, ஆக 25. இப்படி நாலு கட்டம் போட்டால் நூறு. ஆனால் அபிஜித்தையும் சேர்த்து 28 நட்சத்திரம், பாதத்துக்கு ஒன்று என்றால் 112 எழுத்து வேண்டும். பன்னிரண்டு துண்டு விழுகிறது. வரிசையில் இடம் கிடைக்காமல் வெளியே நின்ற எழுத்துகளைக் கூட்டிவந்து, கட்டத்துக்கு மூன்றாகச் செருகி, கணக்கை நேர் செய்திருக்கிறார்கள். ங, ஞ, ண எல்லாம் அப்படிக் கடைசி பஸ்ஸில் ஏறியவை. அவை போய் உட்கார்ந்த இடம் திருவாதிரை, அஸ்தம், பூராடம், உத்திரட்டாதி என்ற நாலு நட்சத்திரங்கள். அஸ்தம் மூன்றாம் பாதத்தில் பிள்ளை பெற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குக் கிடைத்தது 'ண'.

தமிழ் இலக்கணம் இதற்கு இடமே கொடுக்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எதுவும் சொல்லுக்கு முதலில் வராது என்பது பழைய ஏற்பாடு. அதனால்தான் ராமன் இராமன் ஆனான், லட்சுமி இலக்குமி ஆனாள். தொல்காப்பியம் ஙகரத்தையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. நன்னூல் எழுதிய பவணந்தியார் மனம் இளகி, அங்ஙனம், இங்ஙனம் என்ற சொற்களுக்காக ஒரு பக்கக் கதவைத் திறந்துவிட்டார். ஆத்திசூடி பாடிய ஔவையார் அகரவரிசையில் இந்த எழுத்துக்கு வந்தபோது சொல் தேடி அலையவில்லை. எழுத்தின் உருவத்தையே உவமையாக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார். ஔவைக்கே கிடைக்காத சொல்லுக்கு என் அண்ணன் மகள் ராத்திரி பத்தரைக்கு என்னைப் பிடிக்கிறாள்.

இவள் சும்மா இருந்தவளும் இல்லை. பிள்ளை வயிற்றில் இருந்தபோதே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டாள். ஆணா பெண்ணா என்று முன்கூட்டிச் சொல்ல 1994-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது என்பதால் இரண்டு பட்டியல். பெண் பட்டியல் மட்டும் 41 பெயர், பக்கத்தில் பொருள் என்று ஒரு கட்டம். மறுநாள் அதை அனுப்பிவைத்தாள். சத்தம் போட்டு வாசித்துப் பார்த்தேன். 'இகா'வில் முடிவது பதினாறு, 'ஸ்ரீ' ஒன்பது, 'இனி' ஏழு. யாரிடமும் இல்லாத பேர் வேண்டும் என்று எல்லோரும் ஒரே கடையில் போய் நிற்கிறோம். பால்வாடியில் வருகைப் பதிவு எடுக்கும் டீச்சருக்கு இதெல்லாம் ஒரே பிள்ளையின் பேர் மாதிரித்தான் கேட்கும்.

பொருள் கட்டம் இன்னும் வேடிக்கை. அஸ்மிதா என்பதற்கு நேரே 'பெருமை' என்று போட்டிருந்தது. பதஞ்சலியின் யோக சூத்திரம் மனிதரைப் பிடித்தாட்டும் ஐந்து கிலேசங்களைச் சொல்கிறது. அதில் இரண்டாவதுதான் அஸ்மிதை, 'நான்' என்கிற முனைப்பு. அனாமிகா என்றால் பெயரில்லாதவள். மோதிர விரலுக்கும் அதுதான் சொல். ஒரு வருஷம் தேடி, பேரில்லாதவள் என்று பேர் வைப்பதில் ஓர் அழகு இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"இதையெல்லாம் யாரு அத்தே பாக்கப் போறா?"

"அவதான். பதினஞ்சு வயசுல ஒரு நாள் உக்காந்து பார்ப்பா."

எங்கள் அப்பத்தா ஒன்பது பெற்றார், தங்கியது ஆறு. யாருக்கும் பேர் தேடியதாகக் கதை இல்லை. மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பேர், அடுத்தவளுக்கு அம்மாவைப் பெற்றவள் பேர், மூன்றாவதுக்குக் குலதெய்வம். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு எது வாயில் வந்ததோ அது. நான் மூத்த பெண் என்பதால் அப்பத்தாவின் பேரைச் சுமக்கிறேன். ஆனால் என் அம்மா ஒரு நாளும் என்னை அந்தப் பேரால் கூப்பிட்டதில்லை. மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லலாமா? சொல்லித் திட்டத்தான் முடியுமா? அடுப்படியில் பாலைப் பொங்கவிட்டதற்கு என் பேரைச் சொல்லி இரண்டு வார்த்தை வைதால், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் கிழவிக்குச் சுருக்கென்றிருக்கும். அதனால் நான் கடைசிவரை 'பாப்பா'. அறுபது வயது பாப்பா. ரேஷன் கார்டில் இருப்பது அப்பத்தா.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வகைப் பேரும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் என்னோடு இரண்டு போதும்பொண்ணு படித்தார்கள். ஒருத்தி சிவப்பு போதும்பொண்ணு, இன்னொருத்தி மேலத்தெரு போதும்பொண்ணு. தொடர்ந்து பெண்ணாகவே பிறந்தால், போதுமடா சாமி என்று கடவுளுக்கு எழுதிய விண்ணப்பம் அந்தப் பேர். அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தது பிள்ளை. திருத்தணிப் பக்கம் 'வேண்டாம்' என்றே வைப்பார்கள். மகாராஷ்டிரத்தில் 'நகுசா' என்றால் வேண்டாதவள். 2011-ல் சத்தாரா மாவட்டத்தில் அப்படிப் பேர் வாய்த்த 285 பெண்களுக்கு அரசாங்கமே விழா எடுத்துப் புதுப் பேர் வைத்தது. மேலத்தெரு போதும்பொண்ணை நாலு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பேத்தியின் பேரைச் சொன்னாள். ஐந்து அசை, நடுவில் ஒரு 'க்ஷ'. அவளுக்கே நாக்கு ஒரு தரம் தடுக்கியது, சிரித்துக்கொண்டே திரும்பச் சொன்னாள். "எம் மவன் மூணு வாரம் கம்ப்யூட்டர்ல தேடி வெச்சான்" என்றபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு இப்படிப் பேர்களைப் பற்றிக் கேலி பேச எனக்கு வாய் வருவதில்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-ல் எடுத்தபோது தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. ஒன்றோ இரண்டோதான் என்றால் ஒன்பது பேருக்குப் பிரித்து வைக்க வேண்டிய ஆசை முழுவதும் ஒரே பேரின் தலையில் வந்து இறங்குகிறது. பாவம், நாலு எழுத்து எவ்வளவு தாங்கும்?

ஜோசியர் போதாதென்று எண்கணிதமும் வந்தது. பிள்ளையின் தாத்தா, அதாவது சம்பந்தி, கூட்டு எண் ஐந்து வர வேண்டும் என்றார். கீரோ என்ற அயர்லாந்துக்காரர் 1936-லேயே காலமாகிவிட்டார். அவர் பரப்பிய அட்டவணைதான் இன்றும் நம் வீடுகளில் ஓடுகிறது. அதில் 'ஏ'க்கு 1, 'ஹெச்'சுக்கு 5. அதனால்தான் தெருவில் பாதிப் பேருக்கு இங்கிலீஷில் ஓர் 'ஏ' கூட, ஒரு 'ஹெச்' உபரி. தமிழில் எழுதினால் இந்த அதிர்ஷ்டம் ஒட்டாது போலிருக்கிறது.

நான் என் பங்குக்கு ஆதிரை என்றேன். நட்சத்திரத்தின் பேரே இருக்கும்போது எழுத்து எதற்கு? மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. "எங்க அபார்ட்மென்ட்லயே மூணு ஆதிரை இருக்கு அத்தே" என்றாள். இருபது வருஷத்துக்கு முன் இந்தப் பேரைச் சொன்னால் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பேர் கிராக்கியாவது அப்படித்தான். 1950-ல் கல்கி 'பொன்னியின் செல்வ'னை எழுத ஆரம்பித்து, அது 1954 வரை ஓடியது. பூங்குழலி அவர் மனசில் பிறந்தவள். கொஞ்ச நாளில் ஊரெல்லாம் பிறந்தாள். நந்தினி கதையில் சதிகாரி. அது எந்த அப்பாவையும் தடுக்கவில்லை.

ஜோசியர் இதற்குள் இறங்கிவந்து, 'ங'வுக்குப் பதில் 'ந' வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நச்செள்ளை என்றேன். காக்கைபாடினியார் நச்செள்ளையார், பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடியவர். ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் அவருக்கு ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்தான் என்று பதிகம் சொல்கிறது. இரண்டாயிரம் வருஷமாக யாரும் தொடாத பேர், இதைவிடப் புதுசு எங்கே கிடைக்கும்?

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பிள்ளைங்க 'நச்சு'ன்னு கூப்புடும் அத்தே."

அது உண்மை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வாய் இருக்கிறதே, அதைத் தாண்டி எந்தப் பேரும் வர முடியாது. பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? பாரி மகளிரின் பேராகத் தமிழ் மரபு சொல்லிவந்த அங்கவை, சங்கவை இரண்டையும் 2007-ல் 'சிவாஜி' படத்தில் கறுப்புச் சாயம் பூசிச் சிரிக்கவைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பேரை வைக்க ஒரு தாய்க்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! தனித்தமிழ் பேசிய மறைமலையடிகள், தன் பிள்ளைகளில் திரிபுரசுந்தரியை முந்நகரழகி ஆக்கினார். பொருள் பிசகவில்லை. பாவாடை கட்டிய ஒரு சிறுமி அதை வைத்துக்கொண்டு தெருவில் என்ன பட்டிருப்பாள் என்றுதான் எனக்கு யோசனை ஓடும்.

விடவில்லை நான். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராசராசன் ஒரு பட்டியல் வெட்டிவைத்திருக்கிறான். பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேர். வந்த ஊர், பேர், தெரு, எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். ஹுல்ஷ் அச்சிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அதைப் படிக்க ஆரம்பித்தால் இறங்க மனசு வராது. சேரமங்கை, சோழகுலசுந்தரி, ஏகவீரி, எடுத்தபாதம். எடுத்தபாதம்! நடராசரின் தூக்கிய கால் ஒரு பெண்ணுக்குப் பேராகியிருக்கிறது. ஆட வந்தவளுக்கு ஆடுகிறவன் கால். திருவாதிரையும் அவன் நாள்தான். இதைவிடப் பொருத்தம் உண்டா என்று போனில் கத்தியேவிட்டேன்.

அண்ணி போனை வாங்கிக்கொண்டார். "நீங்க இனிமே பிள்ளைகிட்ட பேரு பத்திப் பேசாதீங்க மதினி. பால் கட்டிக்கிரும் அவளுக்கு" என்றார், சிரித்தபடிதான்.

மாப்பிள்ளை நிதானமானவர். ஆஸ்பத்திரியிலேயே 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட்டார்கள், பேருக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டு. பன்னிரண்டு மாசத்துக்குள் பேரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை என்று விசாரித்து வைத்திருந்தார். 2023 அக்டோபர் ஒன்றாம் தேதி முதல் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். எழுதிய பிறகு மாற்றுவதென்றால் அரசிதழ் வரைக்கும் அலைய வேண்டும். "அவசரப்படாம வெப்போம்" என்றார். அவர் சொன்னதை நான் அண்ணியிடமும் அண்ணி சம்பந்தியிடமும் சொல்லிச் சமாதானமானோம்.

மூன்றாம் மாசம் தொட்டில் கட்டினார்கள். மாப்பிள்ளையின் அக்கா, குழந்தைக்குச் சொந்த அத்தை, வெற்றிலையால் மறைத்துக் காதில் மூன்று தரம் பேரைச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது. நல்ல பேர். என் பேர்களில் ஒன்றும் இல்லை, அந்த 41-லும் இல்லை. 'ந'வில் தொடங்குகிறது, கூட்டு எண் ஐந்து, கூப்பிட்டால் வாய்க்கு வலிக்காது. இதைக் கட்டுரையில் எழுதப்போகிறேன் என்று அண்ணன் மகளிடம் சொன்னேன்.

"ஐயோ, பேரை மட்டும் போட்டுராதீங்க அத்தே. அடுத்த மாசம் நாலு பேரு வெச்சிருவாங்க."

போடவில்லை. போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன், பிள்ளைக்கு ஐந்து மாசம். இரண்டு நாள் இருந்ததில் அந்தப் பேரை யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. தொட்டிலில் கிடந்தபடி காலை உதைத்துக்கொண்டு அது "ங்கா... ங்கா" என்கிறது. அண்ணி பால் பாட்டிலோடு ஓடிவந்து, "ஏன்டி ங்கா, பசிக்குதாடி என் ங்கா?" என்கிறார். அண்ணன் ங்கா என்கிறான், மாப்பிள்ளை வீடியோ காலில் ங்கா என்கிறார். நான் ஊருக்குக் கிளம்பும்போது சம்பந்தியம்மாவும் போன் செய்து, "ங்கா தூங்கிட்டாளா?" என்று விசாரித்தார்.

(விசேஷம் தொடரும்)