நிழலுக்கு என்ன நிறம்?

செல்வங்களே, ஓவிய நோட்டில் ஒரு மரம் வரைகிறீர்கள். மரத்தடியில் நிழல் போட வேண்டும். எந்த வண்ணப் பென்சிலை எடுப்பீர்கள்? கறுப்பைத்தானே? பெரிய பெரிய ஓவியர்களும் வெகுகாலம் கறுப்பும் பழுப்பும் கொண்டுதான் நிழல் தீட்டினார்கள்.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் சில இளம் ஓவியர்கள் அந்தப் பழக்கத்தை விட்டார்கள். மோனே, ரென்வார், பிசாரோ, பெர்த் மொரிசோ முதலானவர்கள். நிழலுக்கு நீலம் தீட்டினார்கள். சில இடங்களில் ஊதாவும் தீட்டினார்கள். இவர்களைத்தான் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் என்கிறோம்.

நிழல் எங்கேயாவது நீலமாக இருக்குமா? உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்தால் எனக்கு மகிழ்ச்சி. வாருங்கள், இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்.

முதலில் ஒரு கேள்வி. மர நிழலில் உட்கார்ந்து புத்தகம் படிக்க முடிகிறது அல்லவா? சூரியனைத்தான் மரம் மறைத்துவிட்டதே! அப்படியானால் படிக்க வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

அண்ணாந்து பாருங்கள். வானத்திலிருந்து வருகிறது. சூரிய ஒளி காற்றுக்குள் நுழையும்போது காற்றின் மூலக்கூறுகள் அதைச் சிதறடிக்கின்றன. சிவப்பைவிட நீலம் மிக அதிகமாகச் சிதறும். அதனால்தான் வானம் நீலமாகத் தெரிகிறது. அந்த நீல ஒளி எல்லாப் பக்கமிருந்தும் இறங்கி, வெயில் புகாத இடத்திலும் விழுகிறது. வெயில் படும் தரையில் மஞ்சள் சாயல் கொண்ட நேர் ஒளி. நிழல் விழுந்த தரையில் வானத்தின் நீல ஒளி. புரிகிறதா? நிலாவில் காற்று இல்லை, நீல வானமும் இல்லை. விண்வெளி வீரர்கள் அங்கே எடுத்த படங்களைப் பாருங்கள். நிழல்கள் ஏறக்குறைய கறுப்பாகவே இருக்கும்.

அப்படியானால் தினமும் பார்க்கும் நீலம் நமக்கு ஏன் தெரிவதில்லை? விளையாட்டு மும்முரத்தில் பள்ளி மணி அடிப்பது காதில் விழும், மனதில் ஏறாது. இதுவும் அப்படித்தான். நீல ஒளி கண்ணுக்குள் போகிறது. ஆனால் மூளைக்கு அது வேண்டியதில்லை. ‘இது வெள்ளைச் சட்டை, வெயிலிலும் வெள்ளை, நிழலிலும் வெள்ளை’ என்று மூளை கணக்குப் போட்டுவிடும். பொருளை அடையாளம் காண அந்தக் கணக்கு ரொம்பவும் உதவுகிறது. ஓவியருக்கோ அது தடை. மோனே பொருளைத் தீட்ட நினைக்கவில்லை. அதன்மேல் விழும் ஒளியைத் தீட்ட நினைத்தார்.

1868-69 குளிர்காலத்தில் அவர் ஒரு பனிவெளியைத் தீட்டினார். ஒரு படல்மேல் மேக்பை என்ற பறவை தனியாக உட்கார்ந்திருக்கும். வேலியின் நிழல் வெண்பனிமேல் நீலமாக நீண்டு கிடக்கும். அந்தக் காலத்தில் பாரிசில் ஆண்டுதோறும் அரசு ஓவியக் கண்காட்சி நடக்கும். அதன் நடுவர்கள் இந்த ஓவியத்தை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் மக்கள் அதைத் தேடி வந்து பார்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஓவியம் அது. பனியில் வெள்ளை எவ்வளவு குறைவு என்று அதைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். மேகம் இல்லாத காலை வேளையில் திறந்த மைதானத்துக்குப் போங்கள். தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் ஒரு பென்சிலை நிமிர்த்திப் பிடியுங்கள். கறுப்புத் தாளைக் குழாயாகச் சுருட்டி ஒற்றைக் கண்ணில் வையுங்கள். வெயில் படும் பகுதியை முதலில் பாருங்கள். பிறகு குழாயை நிழல்மேல் நகர்த்துங்கள். மெல்லிய நீலச் சாயல் தெரிகிறதா? சூரியனை மட்டும் ஒருபோதும் நேராகப் பார்க்கக் கூடாது. மேகம் மூடிய நாளில் இந்தச் சோதனை பலிக்காது. ஏன் என்று உங்களுக்கே இப்போது தெரியும்.

நிழலின் நீலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை விரிவாக ஆராய்ந்தவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிசில் கோப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலை இருந்தது. அங்கே சாயப் பிரிவை அவர் கவனித்துவந்தார். கறுப்புச் சாயம் சரியில்லை, வெளுத்துத் தெரிகிறது என்று புகார் வந்தது. ஷெவ்ரல் அந்த நூலை வேறு ஆலைகளின் நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை! நீலம், ஊதா நூல்களின் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் கறுப்பு மங்கித் தெரிந்தது.

பக்கத்தில் இருக்கும் நிறம் நம் கண்ணுக்கு ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும். மஞ்சளுக்கு அருகே ஊதா பளிச்சிடும். ஆரஞ்சுக்கு அருகே நீலம் ஆழமாகும். இதை 1839-இல் அவர் பெரிய புத்தகமாகவே எழுதினார். மஞ்சள் வெயிலை ஒட்டிக் கிடக்கும் நிழல் இன்னும் நீலமாகத் தெரிவது இதனால்தான். ஷெவ்ரல் 102 வயது வரை வாழ்ந்தவர்!

ஒளியைப் பிடிக்க வேண்டுமானால் வெளியே போய்த்தானே தீட்ட வேண்டும்? முன்பெல்லாம் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைப்பார்கள். ஒருமுறை குத்தித் திறந்தால் சரியாக மூட முடியாது. 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். வண்ணங்கள் பைக்குள் வந்தன, ஓவியர் கடற்கரைக்குப் போனார். 1870-இல் மோனே த்ரூவில் கடற்கரையில் தீட்டிய ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதன் வண்ணப்பூச்சில் மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. அங்கேயே உட்கார்ந்து தீட்டினார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இனி அவருடைய சூரியனுக்கு வருவோம். ல ஆவ்ர் துறைமுகத்தில் விடியும் காட்சியை 1872-இல் தீட்டினார். சாம்பல் நீல மூட்டத்தில் ஓர் ஆரஞ்சுச் சூரியன். 1874-இல் பாரிசில் இதைக் காட்சிக்கு வைத்தபோது ஒரு விமர்சகர் கேலி செய்தார். இதன் தலைப்பில் இருந்த ‘இம்ப்ரெஷன்’ என்ற சொல்லிலிருந்துதான் இம்ப்ரெஷனிஸ்ட் குழுவுக்கே பெயர் வந்தது.

அண்ணன் அல்லது அக்காவின் கைபேசியில் இந்தப் படத்தை எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும்! சூரியனும் பக்கத்து வானமும் ஒரே அளவு பிரகாசம், வேறுபாடு நிறத்தில் மட்டும்தான். மார்கரெட் லிவிங்ஸ்டன் என்ற நரம்பியல் அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒரு பொருள் எங்கே இருக்கிறது, அசைகிறதா என்று கவனிக்கும் மூளைப் பகுதி பிரகாசத்தை மட்டுமே படிக்கும். நிறம் படிப்பது வேறு பகுதி. நிறப் பகுதி ‘சூரியன் இதோ’ என்கிறது. மற்றது ‘எனக்குத் தெரியவில்லையே’ என்கிறது. அதனால்தான் அந்தச் சூரியன் ஓர் இடத்தில் நிலைக்காமல் துடிப்பதுபோல் தோன்றுகிறது.

வயதான காலத்தில் மோனேயின் இரு கண்களிலும் புரை வந்தது. கண்ணின் வில்லை மஞ்சள் பழுப்பாகிவிட்டது. அத்தகைய வில்லை நீல ஒளியை வடிகட்டித் தடுத்துவிடும். நிறங்களைப் பிரித்தறிய முடியாமல், டியூபின்மேல் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்து வண்ணம் எடுத்தார். அப்போது அவர் தீட்டியவற்றில் சிவப்பும் பழுப்பும் மிகுந்திருக்கும். 1923-இல் வலக்கண்ணில் அறுவை செய்து வில்லையை எடுத்தார்கள். இடக்கண்ணுக்கு அவர் சம்மதிக்கவே இல்லை.

சரி, இப்போது உங்கள் முறை. ஒரே தோட்டத்தை மோனே முதலில் வலக்கண்ணாலும், பிறகு இடக்கண்ணாலும் பார்க்கிறார். எந்தக் கண்ணில் நிழல் அதிக நீலமாகத் தெரியும்? ஏன்? நண்பனுக்கு விளக்கிச் சொல்வதுபோல் நான்கு வரிகளில் எழுதிப் பாருங்கள்.