வலிப்பும் வயதும்

வலிப்பு கண்டவரை டாக்டரிடம் அழைத்துச் சென்றால், "முதன்முதலில் எந்த வயதில் வந்தது?" என்று கேட்பார். வயதுக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது.

மூளையின் நரம்பணுக்கள் மெல்லிய மின்சாரத்தால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றில் ஒரு கூட்டம் திடீரென்று ஒரே சமயத்தில் கூச்சல் போட்டால் அதுதான் வலிப்பு. கூச்சலைக் கிளப்பிவிடும் காரணம் வயதுக்கு வயது மாறுகிறது.

பிறந்த சிசுவுக்கு வந்தால், பிரசவத்தின்போது பிராணவாயு குறைந்திருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரையோ சுண்ணாம்புச் சத்தோ குறைந்திருக்கலாம். 6 மாதம் முதல் 5 வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பு வேறு. டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலும் வளர வளர மறைந்துவிடும்.

பள்ளிக்கூடப் பருவத்தில் பரம்பரைக் கூறு தலைகாட்டும். பாடத்தின் நடுவே சில விநாடிகள் வெறித்துப் பார்க்கும் குழந்தையை, "பராக்குப் பார்க்கிறாயா?" என்று அதட்டுகிறோமே, அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம்!

நம் நாட்டில் சிறுவர்களையும் வாலிபர்களையும் பிடிக்கும் இன்னொரு சத்துரு, நாடாப்புழுவின் முட்டை. மாமிசமே தொடாதவர்களையும் அது விடாது. மலம் கலந்த நீர் பட்ட காய்கறியைக் கழுவாமல் பச்சையாகத் தின்றால் முட்டை வயிற்றுக்குள் போகிறது. அதிலிருந்து வெளிப்படும் புழுக்குஞ்சு ரத்தத்தின் வழியே சென்று மூளையில் குடியேறுகிறது.

வாலிபத்தில் தலைக்காயமும் குடியும். நடுவயதில் சிலருக்கு மூளைக்கட்டி. 60-ஐத் தாண்டியவர்களுக்கு அநேகமாகப் பக்கவாதம் விட்டுச் சென்ற வடு. எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாத வலிப்பும் உண்டு. அதுவும் மூளையின் கோளாறுதான். பேயல்ல, பாவமல்ல, தொற்றவும் தொற்றாது.

பக்கத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

'வரன் தட்டிப் போகுமே' என்று பெண்ணின் மாத்திரையை ஒளித்து வைக்கும் பெற்றோர்களே! கல்யாண அவசரத்தில் மாத்திரையை நிறுத்துவது அவள் உயிருக்கே ஆபத்து. ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் 10-ல் 7 பேர் வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்து விவாகச் சட்டத்தில் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்த வாசகத்தைக்கூட 1999-ல் நீக்கியாயிற்று. சட்டமே மனம் மாறிவிட்டது. நாம் மாற வேண்டாமா?