மலையை வரைந்தவரும் மண்ணை வரைந்தவரும்

பிரான்ஸ் தேசத்தின் தென்பகுதியிலுள்ள எக்ஸ் நகரத்தில் வங்கி முதலாளி ஒருவரின் மகனாக 1839-ல் பிறந்து, தந்தை விரும்பிய சட்டப் படிப்பைத் துறந்து ஓவியத்தையே வாழ்வாக வரித்துக்கொண்ட பால் செசான், தம் ஊரின் சென்ட் விக்டோர் மலையை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் தீட்டியதையும், 1906-ஆம் வருஷம் வெட்டவெளியில் வரைந்துகொண்டிருக்கையில் இடிமழையில் நனைந்து சில தினங்களில் காலமானதையும் சென்ற வாரம் கண்டோம். மலையைக் கண்டபடியே பிரதியெடுப்பதில் அவருக்குச் சிரத்தை இருக்கவில்லை. அதன் கனத்தையும் நிலைபேற்றையும் வண்ணத் திட்டுகளாலேயே எழுப்பிக் காட்டுவதுதான் அவர் மேற்கொண்ட தவம்.

அத்தவத்துக்கு உறவான ஒன்று நம் திருச்சி ஜில்லாவிலேயே முளைத்தது. திருச்சி தில்லைநகரிலிருந்து புறப்பட்டு, காவிரியையும் ஸ்ரீரங்கத்தையும் கொள்ளிடத்தையும் கடந்து, மண்ணச்சநல்லூர் வழியாக வடக்கே சென்றால், ஆற்றுப்பாசன வயல்கள் மெல்ல விலகி, புன்செய் நிலங்களும் அவற்றுக்கு அப்பால் பச்சைமலையின் நீலச் சாயையும் தோன்றும் துறையூர்ச் சீமை வரும். அங்கே கீரம்பூரில் 1938-ல் பிறந்தவர் ஓவியர் கே. எம். ஆதிமூலம்.

இளைஞராகச் சென்னைக்கு வந்து, சிற்பி தனபாலின் ஆதரவைப் பெற்று, 1850-ல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கிய ஓவியப் பள்ளியில் 1960-களில் அவர் பயின்றார். கே. சி. எஸ். பணிக்கர் அதன் தலைவராயிருந்த காலம் அது. மேல்நாட்டு நவீன ஓவியத்தின் சுதந்திரத்தையும் பெறவேண்டும், நம் மரபின் ஜீவனையும் இழக்கலாகாது என்ற விசாரம் அங்கே ஆசிரியர், மாணவர் எல்லோரையும் பற்றியிருந்தது. அதற்கு அவர்களுள் பலர் கண்ட விடை, கோயில் சிற்பத்திலும் கோலத்திலும் ஓடும் கோடு.

ஆதிமூலத்தின் கையில் அந்தக் கோடு எத்தகைய சக்தி பெற்றது என்பதைக் காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி சித்திரங்களில் காணலாம். கறுப்பு மை ஒன்றையே துணையாகக் கொண்டு, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கோடுகளால், இளமை தொட்டு முதுமை வரை அம்மகானின் பல பருவங்களை அவர் எழுப்பினார். வழிபாட்டுப் படங்களில் நாம் கண்டு பழகிய சாந்தம் மட்டும் அவற்றில் இல்லை. நடந்து நடந்து தேய்ந்த ஒரு சரீரத்தின் களைப்பும், தளராத பிடிவாதமும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் காந்தியைப் பற்றி எழுதப்பட்ட பல நூல்களைவிட இச்சித்திரங்களை நான் உயர்வாகவே மதிக்கிறேன்.

பிற்காலத்தில் அவர் உருவங்களை விட்டு, தைல வண்ணத்தில் அரூப ஓவியங்களைத் தீட்டியபோது, 'ஒன்றும் புரியவில்லையே' என்று வருந்தினவர்கள் உண்டு. அவர்கள் சற்றுப் பொறுத்து, மரத்தையும் வீட்டையும் தேடாமல், பரந்த வண்ணப் பரப்புகள் ஒன்றையொன்று நெருக்குவதையும் விலக்குவதையும் பார்ப்பார்களானால், உழுத மண்ணும் வெயில் காய்ந்த வரப்பும் மழைக்கு முந்திய ஆகாயமும் தாமே வந்து கூடும். செசான் மலைக்குச் செய்ததை இவர் நிலத்துக்குச் செய்தார். ஆனால் செசான் கடைசிவரை மலையின் உருவத்தைக் கைவிடவில்லை, இவரோ அதையும் விட்டுவிடும் துணிவு கொண்டார்.

இவ்வளவு தூரம் சென்ற கலைஞர் வாரப் பத்திரிகை வாசகரை அலட்சியம் செய்யாதது எனக்குப் பெரிதாகப் படுகிறது. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வெளிவந்தபோது அதற்குச் சித்திரம் வரைந்தவர் அவரே. ஓவியக்கூடத்தின் வாசற்படியை மிதித்தறியாத குடும்பங்களுக்குள்ளும் நவீன ஓவியனின் கோடு அந்தப் பக்கங்களின் வழியாகப் புகுந்தது.

(தொடரும்)