பிள்ளை படிக்கும் விளக்கை அணைக்காதீர்கள்!

மின்சாரக் கட்டணச் சீட்டு வந்ததும் பல வீடுகளில் முதலில் ஏச்சு வாங்குவது யார் தெரியுமா? இரவில் விளக்கைப் போட்டுப் படிக்கும் பிள்ளைதான்! "படித்தது போதும், விளக்கை அணை" என்கிறோம். நம் பணத்தைத் தின்பது அந்த விளக்குத்தானா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

தோட்டத்து இஞ்சின் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இஞ்சின் நின்றால் மண்ணெண்ணெய் விளக்குத்தான். வீட்டில் இருந்தவை ஒன்றிரண்டு பல்புகளே. ஆகவே, அன்று சிக்கனம் என்றால் விளக்கை அணைப்பதுதான். இன்று வீடு நிறைய மின்சாரப் பொருள்கள் வந்துவிட்டன. ஆனால், நமது சிக்கனம் மட்டும் விளக்கோடு நின்றுவிட்டது.

யூனிட் கணக்கு

1,000 வாட் பொருள் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். எத்தனை வாட் என்பது பொருளின் அடியிலோ பின்புறத்திலோ எழுதியிருக்கும்.

பிள்ளை 9 வாட் எல்.இ.டி. விளக்கில் நாள்தோறும் 3 மணி நேரம் படித்தால், 30 நாளில் ஒரு யூனிட்கூட ஆகாது. 0.81 யூனிட்தான்! பழைய 60 வாட் குண்டு பல்பாக இருந்தால் 5.4 யூனிட் ஆகும்.

இனி, குளியலறைக்கு வாருங்கள். 3,600 வாட் சுடுநீர்க் கருவியில் நான்கு பேர் தலைக்கு 10 நிமிடம் குளித்தால், நாளுக்கு 2.4 யூனிட், மாதத்திற்கு 72 யூனிட். அந்த மின்சாரத்தில் பிள்ளையின் விளக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் எரியுமே!

சூடாக்கும் பொருளும் குளிர வைக்கும் பொருளுமே மின்சாரத்தை அதிகம் விழுங்குகின்றன. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்கள் கவனத்திற்கு

விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் சோற்றை முதல்நாள் இரவே ஆக்கி, ரைஸ் குக்கரைச் சூட்டிலேயே விட்டுவிடுவோர் உண்டு. 600 வாட் குக்கர் அரை மணியில் சோறு ஆக்க 0.3 யூனிட் போதும். 40 வாட் சூட்டில் 8 மணி நேரம் விட்டால் 0.32 யூனிட் போய்விடும். இன்னொரு பானைச் சோறு ஆக்கியது போலத்தான்!

தேநீருக்கு வேண்டிய அளவு தண்ணீரை மட்டும் கொதிக்க வையுங்கள். மிஞ்சினால் பிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். பள்ளிச் சீருடைகளை நாளுக்கு ஒன்றாகத் தேய்க்காமல், வாரத்திற்கு ஒருமுறை சேர்த்துத் தேய்த்தால், பெட்டியை ஒவ்வொரு நாளும் புதிதாகச் சூடாக்க வேண்டியதில்லை.

குளிர்சாதனப் பெட்டியில் சூடான குழம்பை வைக்காதீர்கள். சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வந்தால், கதவு ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். உள்ளே இருக்கும் குளிரெல்லாம் வீணாகும்.

வாங்கும்போது

மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பெட்டியை வாங்கி, மாதாமாதம் கட்டணமாக அழுவதில் என்ன லாபம்? எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் பெற்ற பொருளே மிகச் சிக்கனமானது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்பதும் அதிலேயே இருக்கும். ஒரே அளவுள்ள பொருள்களை ஒப்பிட்டு வாங்குங்கள்.

குறைத்தால் இரட்டை லாபம்

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டண முறையின்படி, மாதம் 1,000 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்குச் சிக்கனக் கழிவு உண்டு. செலவு குறையக் குறைய, ஒவ்வொரு யூனிட்டுக்கும் கிடைக்கும் கழிவு கூடும். 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு கழிவு. 600 யூனிட்டுக்குள் இருந்தால் மாதம் 10 வெள்ளி நிலைக் கட்டணமும் கிடையாது. ஆகவே, அந்த 72 யூனிட்டில் பாதியைக் குறைத்தாலே சீட்டில் வேறுபாடு தெரியும்.

இன்றிரவே மீட்டர் எண்ணை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் அதே நேரத்தில் மீண்டும் பாருங்கள். அந்தக் கழித்தல் கணக்கைப் பிள்ளையிடமே கொடுங்கள். விளக்கின் அடியில் உட்கார்ந்து அவனே போடட்டும்!