குப்பையின் முகவரி – 7: நெருப்பு தின்னாத மிச்சம்

வைத்தியசாலைக் கழிவு மஞ்சள் பைகளில் பிரிக்கப்பட்டு எரிசூளைக்குப் போவதைக் கடந்த வாரம் பார்த்தோம். சூளைக் கதவை மூடியதும் எல்லாம் முடிந்தது என்றே பலரும் நினைக்கிறோம். முடிவதில்லை.

அந்தப் பைகளுக்குள் கிருமி மட்டும் போகவில்லை. ஊசியின் எஃகில் குரோமியமும் நிக்கலும் உண்டு; இறப்பர் கையுறையில் துத்தநாகம். பிளாஸ்டிக்கின் நிறமூட்டிகளிலும் நிலைப்படுத்திகளிலும் ஈயமும் கட்மியமும் இருக்கலாம். உடைந்த வெப்பமானியோடு பாதரசம் சேரும். 850 பாகை வெப்பத்தில் கிருமி சாகும், பிளாஸ்டிக் கரியும். உலோகம் அழியாது. பாதரசம் ஆவியாகிப் புகையோடு போகும். ஈயமும் கட்மியமும் பிவிசி குழாய்களிலிருந்து வரும் குளோரினோடு சேர்ந்து, புகை குளிரும்போது பறக்கும் சாம்பலில் படியும். அப்படிப் படியும் கட்மியக் குளோரைடு தண்ணீரில் சீனிபோலக் கரையும்.

இந்தச் சாம்பலை எங்கே கொட்டுவது? கண்டியில் இது சாதாரணக் கேள்வி அல்ல. தேசிய வைத்தியசாலை, பேராதனைப் போதனா வைத்தியசாலை, சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை ஆகிய மூன்றும் மகாவலியின் நீரேந்து பகுதியில்தான் இருக்கின்றன. நகரின் குப்பை பல தசாப்தங்களாகக் குவிந்த கொஹாகொட மேடும் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அங்கிருந்து வடியும் கசிவுநீர் மகாவலியைச் சேர்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்குக் கீழே, 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணை ஆற்றைச் சுரங்கம் வழியே உக்குவளைக்குத் திருப்பி, உலர்வலயக் குளங்களுக்கு அனுப்புகிறது. கண்டியின் அழுக்கு கண்டியோடு நிற்பதில்லை.

சமையலறைக் கழிவு அழுகும்போது அமிலம் ஊறும். அத்தகைய மேட்டில் சாம்பலையும் கொட்டினால், அந்த அமிலம் உலோகத்தைக் கரைத்து வெளியே இழுத்துவிடும். அமெரிக்காவின் கசிவுச் சோதனை இதையே ஆய்வுகூடத்தில் செய்து பார்க்கிறது. சாம்பலை அதன் எடையைப்போல் 20 மடங்கு அசற்றிக் அமிலக் கரைசலில் சுமார் 18 மணிநேரம் சுழற்றுவார்கள். கரைசலின் ஒரு லீற்றரில் ஈயம் 5 மில்லிகிராமை, கட்மியம் 1 மில்லிகிராமை எட்டினால் அது அபாயக் கழிவு. ஆனால் குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு 0.01 மில்லிகிராம்தான், அதாவது 500 மடங்கு குறைவு. சோதனையில் தேறிய சாம்பலையும் ஆற்றங்கரையில் கொட்டக் கூடாது என்பதற்கு இந்த இடைவெளியே போதும்.

வழிகள் இருக்கின்றன. பிவிசியையும் பாதரசக் கருவிகளையும் சூளைக்கு அனுப்பாமல் பிரிக்கலாம். தொற்றுக் கழிவில் பெரும்பகுதியை நீராவியில் கிருமியழித்தால் சாம்பலே வராது. எஞ்சும் சாம்பலைச் சீமெந்தோடு இறுக்கி, அடித்தளம் காப்பிடப்பட்ட குழியில் தனியாகப் புதைக்கலாம். அபாயக் கழிவுகளைக் கையாள அனுமதிப்பத்திரம் கேட்கும் ஒழுங்குவிதிகள் 2008 முதல் இலங்கையில் இருக்கின்றன. அந்த அனுமதியின் கேள்விகள் சூளை வாசலோடு நின்றுவிடக் கூடாது. சாம்பலின் எடை, சோதனை முடிவு, புதைத்த இடம் மூன்றையும் ஒவ்வொரு வைத்தியசாலையும் ஆண்டுதோறும் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். மகாவலித் தண்ணீரைக் குடிக்கும் நாம் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.